வளவு வீட்டு வரலாற்றை எழுதுவது எப்படி: ஒரு ஹங்கேரியக் குடும்பத்திடம் நான் கற்றது

செட்டிநாட்டில், கோனாபட்டு ஊரில் எங்கள் வளவு வீட்டில், அதாவது பூர்விக வீட்டில், இரும்புப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி எங்களிடம், இன்னொன்று மாமனாரின் தம்பி வீட்டில். பங்காளிகள் இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். வியன்னாவில் இருக்கும் என் மகள் என்னை ஒருநாள் ஃபோர்க்டென்ஸ்டைன் கோட்டைக்கு அழைத்துப் போனாள். அது எஸ்தர்ஹாஸி என்னும் ஹங்கேரியப் பிரபு குடும்பத்தின் கோட்டை. அங்கே கருவூலத்தைப் பற்றிச் சொல்லும்போது, அந்தக் காலத்தில் அதைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று இளவரசரிடமும் மற்றது கருவூலக்காரரிடமும் இருந்தது என்றார்கள். மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, நம்ம வீட்டுப் பெட்டகம்" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் நான். நாங்கள் வாழ்ந்த வீட்டின் வரலாற்றை எழுத வேண்டும் என்று அதுவரை தோன்றியதில்லை. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், இந்தப் பக்கம் எங்கள் பெட்டகத்தைத் திறந்தேன். நான்கு வருஷத்தில் எங்கள் வீட்டு வரலாறு ஒரு புத்தகமாயிற்று. எப்படிச் செய்தீர்கள் என்று பங்காளி வீடுகளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்தர்ஹாஸி குடும்பத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கலாந்தா என்ற ஊரைச் சேர்ந்த சிறு பிரபுக்கள். அந்த ஊர் இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. 1625-இல் மிக்லோஷ் எஸ்தர்ஹாஸி ஹங்கேரியில் அரசருக்கு அடுத்த நிலையில் இருந்த பாலடைன் பதவிக்கு வந்தார். அவர் மகன் பால், 1687-இல் இளவரசர் பட்டம் பெற்றார். பின்னால் வந்த இன்னொரு மிக்லோஷ், எஸ்தர்ஹாஸா என்ற இடத்தில் 126 அறைகளோடு ஓர் அரண்மனை கட்டினார். இசைமேதை ஹைடன் 1761 முதல் முப்பது வருஷம் போல இவர்களிடம் சம்பளத்துக்கு இருந்தவர். அப்புறம் கடன், போர், எல்லைப் பிரிவு. 1945-இல் ஹங்கேரியில் இருந்த நிலமெல்லாம் கையை விட்டுப் போயிற்று. செட்டிநாட்டில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் இந்தக் கதைக்குச் சொந்தமான வீடு ஒன்று கண்ணில் படும்.

விலாசத்தைப் பிரித்துப் படியுங்கள்

ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்து "எஸ்தர்ஹாஸி பால்" என்பார்கள். அதற்கும் முன்னால் ஊர்ப் பெயர் வரும். "கலாந்தாய் எஸ்தர்ஹாஸி பால்" என்றால் ஊர், வீடு, ஆள் என்ற வரிசை. அவர்கள் மொழியில் "ஹாஸ்" என்றால் வீடு. ஆக, குடும்பப் பெயருக்குள்ளேயே ஒரு வீடு இருக்கிறது. நமக்கும் ஊர் முன்னால், விலாசம் அடுத்து, பெயர் கடைசி. விலாசம் என்று நாம் சொல்வது முகவரியை இல்லை, பெயருக்கு முன்னால் வரும் முன்னெழுத்துகளை.

ஒரு தாளில் உங்கள் விலாசத்தை எழுதிப் பின்னாலிருந்து படியுங்கள். கடைசி எழுத்து அப்பச்சி (அப்பா) பெயர், அதற்கு முந்தியது ஐயா (தாத்தா) பெயர், அப்படியே மேலே போகும். உதாரணத்துக்கு மெ.சி.மெ.சி. என்று ஒரு விலாசம் இருந்தால், மெய்யப்பனும் சிதம்பரமும் மாறி மாறி வந்திருக்கிறார்கள். ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அந்த நான்கு எழுத்தில் தெரிகிறது. சில வீடுகளில் விலாசம் தொழில் அடையாளமாகி, புது எழுத்து சேராமல் அப்படியே நின்றிருக்கும். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர்ஹாஸி வீட்டிலும் மிக்லோஷ், பால், அந்தால் என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வரலாறு எழுதுகிறவர்கள் அவர்களுக்கு எண் போட்டுத்தான் சமாளிக்கிறார்கள். நீங்களும் முதல் நாளிலேயே எண் போட்டுவிடுங்கள். மெய்யப்பன் 1, மெய்யப்பன் 2. யார் எந்தத் தலைமுறை என்ற குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

மீதிப் பாதி தீராது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெட்டகத்தில் பர்மாவின் ரங்கூனில் எழுதிய ஒரு பேரேடு (கணக்குப் புத்தகம்) கிடைத்தது. முதல் பக்கத்தில் "பிரபவ ௵" (பிரபவ வருஷம்) என்று இருந்தது. பிரபவ என்றால் 1867-ஆம் வருஷம், ஆக எங்கள் வீட்டில் முதலில் கடல் தாண்டியவரின் ஏடு இது என்று ஆனந்தத்தில் அழுதே விட்டேன். இரண்டு மாதம் அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதினேன். பிறகு ஏட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்பைப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. அவர் ஆண்டது 1910 முதல் 1936 வரை. அப்படியென்றால் இந்தப் பிரபவ 1867 இல்லை, 1927. ஏட்டுக்கு உரியவர் நான் நினைத்தவர் இல்லை, அவருடைய பேரன்.

இந்தத் தவறு செட்டிநாட்டில் யாருக்கும் வரக்கூடியது. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புகிறது. அதே அறுபது ஆண்டில் ஐயாவின் பெயரும் பேரனிடம் திரும்பி வந்திருக்கும். பெயரும் ஒன்று, வருஷமும் ஒன்று, ஆள் மட்டும் வேறு. அதனால் எந்த ஏட்டுக்கும் தமிழ் வருஷத்தை மட்டும் நம்பி ஆங்கில வருஷம் போடாதீர்கள். ஸ்டாம்பில் யார் தலை, காகிதத்தில் என்ன முத்திரை, தபால் அட்டையில் என்ன தேதி என்று இரண்டாவது சாட்சி ஒன்றைத் தேடுங்கள். மாதத்தையும் கவனியுங்கள். பிரபவ வருஷம் தை மாதம் என்றால் அது 1927 இல்லை, 1928-இன் ஜனவரி பிற்பகுதி அல்லது பிப்ரவரி.

எண்களைப் படிக்கவும் பழக வேண்டும். பழைய ஏட்டில் "ய" போலத் தெரிவது பத்து, "உ" போலத் தெரிவது இரண்டு, "எ" போலத் தெரிவது ஏழு. ௨௱௫௰ என்றால் இருநூற்று ஐம்பது. பக்கத்தின் தலையில் தனியாக இருக்கும் உ மட்டும் பிள்ளையார் சுழி, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் உட்கார்ந்தால் கை வந்துவிடும். மாகாணி, முந்திரிக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று.

சின்ன வரவு செலவை விடாதீர்கள்

ஹைடனின் வேலை ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. தேதி 1761 மே 1. வருஷச் சம்பளம் 400 ஃபுளோரின். வெள்ளைக் காலுறையும் சீருடையுமாக இருக்க வேண்டும், தினமும் காலையும் மதியமும் முன்கூடத்தில் வந்து நின்று, இன்றைக்கு இசை உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய கலைஞர் அந்த வீட்டில் என்ன இடத்தில் இருந்தார் என்பதை எந்தப் புகழுரையும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. சம்பளக் கணக்கு சொல்லிவிட்டது.

அதைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டுக் குறிப்பேடுகளை வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஐந்தொகையில் மொத்த லாபம் தெரியும், பேரேட்டில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது தெரியும். ஆனால் வீடு எப்படி வாழ்ந்தது என்று தெரிவது அன்றாடக் குறிப்பில்தான். ரங்கூன் குறிப்பேட்டில் ஒரு வரி: "பெட்டியடிப் பையனுக்குச் செருப்பு வகையில்." அடுத்த நாள்: "பையன் காய்ச்சல், மருந்து வகையில்." மூன்று நாள் கழித்து: "பையன் ஆத்தாளுக்குத் தபால்." பெட்டியடிப் பையன் என்றால் கடையில் எடுபிடி வேலை செய்து தொழில் பழகும் பையன். அவனுக்குப் பதினான்கு, பதினைந்து வயது இருந்திருக்கும். அவன் பெயர் ஏட்டில் எங்கும் இல்லை. என் புத்தகத்தில் அவனுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். மேலாள் (கடையை நடத்தும் ஏஜென்ட்), அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், சமையல்காரர், ஊரில் கணக்கப்பிள்ளை, வீட்டு வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் வர வேண்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் சுற்றுவட்டத்தில்தான் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள், நம் வீட்டைப் பற்றி நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

பத்திரமும் கோயிலும்

ஹங்கேரியப் பிரபுக்கள் தங்கள் வம்சாவளியை அவ்வளவு கவனமாக வைத்திருந்ததற்குக் காரணம் பெருமை மட்டும் இல்லை. 1351-இல் லாயோஷ் மன்னர் போட்ட சட்டப்படி, பரம்பரை நிலம் வம்சத்துக்கு வெளியே போக முடியாது. வாரிசு அற்றுப்போனால் அது அரசருக்குத் திரும்பும். 1848 வரை இதுதான் நிலைமை. நான் இன்னாருடைய கொள்ளுப்பேரன் என்று காட்டினால்தான் நிலம் நிற்கும். அந்த ஆதாரங்களை எழுதி முத்திரையிட்டு, ஒரு படியைத் தங்களிடமே காத்து வைத்தவை மடங்களும் தேவாலயக் குருக்கள் சபைகளும்.

நமக்கும் வம்சம் பதிவாகியிருப்பது இந்த இரண்டு இடத்தில்தான். சொத்துப் பத்திரம் ஒன்று, கோயில் மற்றொன்று.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் வம்சாவளியில் பாதி கிடைத்த மாதிரி. யார் யார் மகன், யார் காலமாகிவிட்டார், யார் மைனர், அவருக்கு யார் கார்டியன் என்று எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். உயிலும் பவர் பத்திரமும் அப்படித்தான். மேலாளுக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தில் எந்த ஊரில் என்ன கடை என்பதுகூட வரும். வீட்டில் இல்லையென்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, அதில் வரும் பத்திர எண்ணைக் கொண்டு நகல் கேளுங்கள். ஒரு விஷயம்: செட்டிநாட்டு ஊர்கள் ஒரே ஆட்சியில் இருந்தவை இல்லை. நான் பிறந்த பள்ளத்தூர் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. வாழ்க்கைப்பட்ட கோனாபட்டு 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். இரண்டு ஊருக்கும் இடையில் சில மைல்தான், ஆனால் பழைய காகிதங்கள் இரண்டு அரசாங்கத்தில் கிடக்கின்றன. எந்த வருஷம் ஊர் யாரிடம் இருந்தது என்று பார்த்துவிட்டு அலுவலகம் ஏறுங்கள்.

கோயிலைப் பற்றி நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நமக்கு, நான் சொல்ல வேண்டியதில்லை. இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது கோயில். கல்யாணத்துக்குக் கோயில் மாலை வாங்கும்போது இரண்டு பக்கமும் பதிவாகிறது, கல்யாணமானவர் புள்ளியாகிறார், அதாவது கோயில் கணக்கில் தனிக் குடும்பமாகிறார். இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதும் வழக்கமும் நமக்கு உண்டு. வீட்டில் பழைய இசைகுடிமானம் எதாவது இருந்தால் அதை முதலில் படமெடுத்து வையுங்கள். கோயில் காரியக்காரர்களிடம் போகும்போது வெறுங்கையோடு போய் "எங்கள் வம்சாவளி வேண்டும்" என்று கேட்காதீர்கள். பெயர், ஊர், சுமாரான வருஷம் எழுதிய ஒரு தாளோடு போங்கள். அவர்களுக்கும் தேட வழி வேண்டும் அல்லவா.

பிள்ளை கூட்டியதை மறைக்காதீர்கள். நம் வீடுகளில் பல வம்சங்கள் தொடர்ந்ததே சுவீகாரத்தால்தான். பிள்ளை வந்தவருக்கு இரண்டு கோடு போடுங்கள், ஒன்று பிறந்த வீட்டுக்கு, ஒன்று வந்த வீட்டுக்கு.

பெண்கள் எங்கே?

நான் சொல்வதிலேயே முக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன். மிக்லோஷ் எஸ்தர்ஹாஸி எப்படிப் பெரிய ஆள் ஆனார்? திறமைசாலி, சரி. ஆனால் முதலில் அவர் மணந்துகொண்டது தெர்ஷ்ஃபி ஓர்ஷோயா என்ற பணக்கார விதவையை. முங்காச் என்ற பெரிய கோட்டை அவர் வழியாகத்தான் வந்தது. பிறகு சமாதான உடன்படிக்கையில் முங்காச்சை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தபோது, அதற்கு ஈடாகக் கிடைத்தவைதான் ஃபோர்க்டென்ஸ்டைனும் ஐசன்ஸ்டாட்டும். ஓர்ஷோயா காலமான பின் அவர் மணந்த நியாரி கிறிஸ்டினாவும் செல்வமுள்ள விதவைதான். இன்று எல்லோரும் போய்ப் பார்க்கும் கோட்டையும் அரண்மனையும் அந்த வீட்டுக்குச் சேர்ந்தது ஒரு பெண்ணின் சொத்திலிருந்து. கோட்டையின் மூதாதையர் படங்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்தப் பெண்ணைத்தான் தேடத் தோன்றியது.

அடுத்த தலைமுறையில் நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1652 ஆகஸ்ட் 26-இல் வெஸெகேனி என்ற இடத்தில் துருக்கியரோடு நடந்த சண்டையில் எஸ்தர்ஹாஸி வீட்டு ஆண்கள் நான்கு பேர் ஒரே நாளில் மாண்டார்கள். குடும்பத் தலைவராக இருந்த லாஸ்லோவும் அதில் ஒருவர். பதினேழு வயதுகூட நிறையாத தம்பி பால் தலைவரானார். சொத்து பிரிந்துவிடாமல் இருக்க அவர் தன் அண்ணன் மகளையே மணந்துகொண்டார். அந்தப் பெண்ணின் பெயரும் ஓர்ஷோயா. அண்ணன் மகள் என்றால் நமக்கு மகள் முறை! அக்காள் மகளைக் கட்டுவது தமிழ்நாட்டில் உண்டு, இதை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் சொத்துக்காகப் பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது நம் ஏடுகளிலும் இல்லாமல் இல்லை. அங்கே கண்டதை இங்கேயும் தேடினேன், எழுதினேன்.

நம் வீட்டுப் பெண்களைத் தேட எங்கே போவது? விலாசத்தில் அவர்கள் இல்லை, பத்திரத்தில் கொஞ்சம்தான். பரணில் ஏறுங்கள். சீர் சாமான்களில் பெயர் வெட்டும் வழக்கம் நமக்கு இருந்தது. பித்தளைத் தவலை, தூக்குச்சட்டி, வெண்கலப் பானை, எவர்சில்வர் சம்புடம் என எதை எடுத்தாலும் கழுத்துக்குக் கீழேயோ அடியிலோ புள்ளி புள்ளியாகப் பெண் வீட்டு விலாசமும் ஊரும் இருக்கும், சிலவற்றில் வருஷமும் இருக்கும். எங்கள் வீட்டுத் தவலை ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, வெயில் சாய்வாக விழும் மாலை நாலு மணிக்கு முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். நேராக வெளிச்சம் விழுந்தால் எழுத்து தெரியாது. பக்கத்திலிருந்து விழுந்தால் ஒவ்வொரு புள்ளியும் எழுந்து நிற்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலும் சரிதான். இப்படி ஒன்பது சாமானிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்த ஆறு பெண்களின் பிறந்த ஊரைக் கண்டுபிடித்தேன். மொய்ப்பண ஏடும் நல்ல சாட்சி. யார் எந்த முறையில் மொய் எழுதினார் என்று பார்த்தால் பெண் வழி உறவு முழுக்க வந்துவிடும். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டில் யார் யாரை நினைத்துப் படைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இளம் வயதில் இறந்துபோன பெண்கள் பலர் நினைவில் இருப்பது அங்கே மட்டும்தான்.

பெரியவர்களிடம் கேட்பது

"நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. பெரிய சம்பவத்தோடு சேர்த்துக் கேளுங்கள். பள்ளத்தூரில் இருக்கும் என் அயித்தையிடம் அப்படித்தான் கேட்டேன். "அடியே, ரங்கூன்ல குண்டு விழுந்த மார்கழியில நான் எங்க ஆத்தா வயித்துல அஞ்சு மாசம். அப்பச்சி ஆவணியிலதான் கப்பல் ஏறியிருந்தாக" என்றார். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஆக அயித்தை பிறந்தது 1942 சித்திரையை ஒட்டி. ஜாதகத்தை எடுத்துப் பார்த்தோம், "சித்திரபானு ௵ சித்திரை" என்று இருந்தது. வாய்ச்சொல், உலக வரலாறு, ஜாதகம் மூன்றும் ஒத்துப்போகும்போது எழுதுகிற கைக்கு ஒரு தெம்பு வருகிறது.

ஒரே நாளில் எல்லாம் கேட்டுவிட நினைக்காதீர்கள். ஒரு பழைய போட்டோவை எடுத்துப் போய்க் கையில் கொடுங்கள். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டுப் பேச விடுங்கள். மூன்றாவது நாள்தான் உண்மையான பேச்சு வரும்.

இழந்ததையும் எழுதுங்கள். 1930-இல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் நகரத்தார் கையில் இருந்தது. பெருமந்தத்தில் கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியாமல் போக, 1938-இல் அது 25 சதவீதம் ஆயிற்று. யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் இல்லை என்று நம் பக்கம் சொல்வோம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும். போர் வந்தது, ஐயா நடந்தே ஊர் வந்து சேர்ந்தார், 1948-இல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. எஸ்தர்ஹாஸி குடும்பத்துக்கு 1921-இலேயே குடும்ப நிலத்தின் நடுவில் நாட்டு எல்லை விழுந்தது, ஐசன்ஸ்டாட் ஆஸ்திரியா பக்கம், எஸ்தர்ஹாஸா ஹங்கேரி பக்கம். 1947-இல் ஹங்கேரி பட்டங்களையே ஒழித்தது. கடைசியாகப் பெரிய சொத்தை ஆண்ட பால் எஸ்தர்ஹாஸி 1949-இல் பதினைந்து வருஷச் சிறைத் தண்டனை பெற்று, 1956 புரட்சியில் வெளியே வந்து, ஸூரிச்சில் வாழ்ந்து 1989-இல் காலமானார். பிள்ளை இல்லை. அவர் மனைவி மெலிண்டா, முன்பு பாலே நடனக் கலைஞர், ஆஸ்திரியாவில் மிஞ்சிய சொத்தை அறக்கட்டளைகளாக்கினார். அதனால்தான் நானும் என் மகளும் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிந்தது.

அட்டிலா வேண்டாம்

இளவரசர் பால் 1700-இல் ஒரு பெரிய வம்சாவளிப் புத்தகம் போட்டார். படங்களோடு, தன் குலம் ஹூண மன்னன் அட்டிலா வழியில் வந்தது என்று காட்டும் புத்தகம். அதில் வரும் பழைய மூதாதையர் கற்பனை. அவருக்கு உண்மையான பெருமை குறைவா? சொந்த முயற்சியில் பாலடைன் ஆனவர், இசை அமைத்தவர். அட்டிலா தேவையே இல்லை.

நம் பக்கமும் வம்ச வரலாறு எழுத உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் சோழ மன்னரிடம் கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தோம் என்பது நம் மரபு. எனக்கும் அது உயிர். அதை முதல் அத்தியாயத்தில் "நம் முன்னோர் சொல்லி வந்தது" என்று எழுதுங்கள். பத்திரமோ ஏடோ சொல்வதை "இந்த ஏட்டில் இருப்பது" என்று எழுதுங்கள். இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும், பிற்காலத்தில் படிக்கிறவர்கள் உங்களை நம்புவார்கள்.

கசப்பான விஷயம் வந்தால் என்ன செய்வது? அந்தக் குடும்பத்தின் வேறொரு கிளையில் 1950-இல் பிறந்த எழுத்தாளர் பீட்டர் எஸ்தர்ஹாஸி, தன் தந்தையைப் பற்றிப் பெரிய நாவல் ஒன்றை எழுதி முடிக்கும் சமயத்தில், அப்பா ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுத்து வந்தவர் என்ற கோப்பைப் பார்த்தார். நாவல் 2000-இல் வந்தது. மறைத்திருக்கலாம். 2002-இல் அந்த உண்மையைச் சொல்லி இன்னொரு புத்தகமே எழுதினார். எங்கள் ஏட்டிலும் ஒரு விஷயம் வந்தது, பங்காளிகளுக்குள் நடந்த ஒரு கணக்குத் தவறு. இறந்தவர்களின் பிள்ளைகளிடம் முதலில் போய்க் காட்டினேன். அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகு, நடந்ததை நான்கு வரியில், பெயரோடு, வசை இல்லாமல் எழுதினேன். உயிரோடு இருப்பவர்கள் விஷயமாக இருந்தால் விட்டுவிட்டிருப்பேன்.

காகிதத்தைக் காப்பது

செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், குண்டூசி இருந்தால் துரு பிடிக்கும் முன் எடுத்துவிடுங்கள். ராமபாணப் பூச்சி அரித்த ஏட்டை வெயிலில் போட்டால் தாள் பொடிந்துவிடும். நிழலில் விரித்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். படமெடுக்க ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் வருஷம், ஊர், என்ன காகிதம் என்று பெயர் போட்டு மூன்று வீட்டில் வையுங்கள்.

முக்கியமாக எடைக்குப் போடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் யாரோ ஒரு வீட்டு ஆச்சியும் செட்டியாரும் தேக்குச் சட்டத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை. பேரேடுகளை மூட்டை மூட்டையாகப் போட்ட வீடுகள் எனக்கே தெரியும். வைக்க இடமில்லை என்றால் நூலகத்துக்குக் கொடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேர்த்து வைத்தவர். 1992-இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது.

அச்சுக்குக் கொடுக்கும்போது கடைசியில் நாலு வெள்ளைப் பக்கம் விடச் சொல்லுங்கள், திருத்தத்துக்கு. என் புத்தகம் வந்ததும் முதல் பிரதியை அயித்தையிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். லென்ஸ் வைத்து இரண்டு நாள் படித்தார். மூன்றாவது நாள் போன் வந்தது. "எங்க ஆத்தா பிறந்த ஊரு நெற்குப்பைன்னு போட்டிருக்கியே, அவுக வேந்தன்பட்டிடி." நான் தவலையில் இருந்ததைச் சொன்னேன், நெற்குப்பை என்று தெளிவாக வெட்டியிருக்கிறதே என்றேன். "அந்தத் தவலை எங்க ஆயாவோடது. அவுகதான் நெற்குப்பை. கல்யாணத்துக்கு எங்க ஆத்தாளுக்குக் கொடுத்து விட்டாக" என்றார். ஆத்தாளின் தாயான அந்த ஆயாவின் பெயரையும் சொன்னார். என் வம்சாவளியில் அதுவரை இல்லாத பெயர். முதல் வெள்ளைப் பக்கத்தில் அதை எழுதிவிட்டேன்.